செங்கோடன் கண்ணுக்குள் நின்ற லாரி

நம்புகிறவர்கள் முன்னால் வந்து உட்காரலாம், நம்பாதவர்கள் பின்னால் சாய்ந்து உட்காரலாம், ஆனால் பாதியில் எழுந்து போகிறவர்களுக்கு மட்டும் மிச்சக் கதை கனவில் வந்து தொல்லை கொடுக்கும், அதற்கு நான் பொறுப்பில்லை.

வெள்ளக்கல்பட்டி லாரிப்பேட்டையில் முந்நூறு லாரியும் நானூறு டிரைவரும் இருந்த காலத்தில், அந்த நானூறு பேரில் ஒருத்தர்கூடக் கண் டாக்டர் சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையைப் படித்ததில்லை, ஆனால் அந்த நானூறு பேரில் ஒருத்தருக்குக்கூட அந்தப் பலகை தெரியாமல் இருந்ததில்லை. காரணம் நான்தான். லாரிகளுக்கு நம்பர் எழுதிப் பிழைத்த பொங்கியண்ணன் ஆகிய என்னிடம் ஊர் டாக்டர் ஒரு தகரத்தைக் கொடுத்து, மேலே பெரிதாக ஒரு எழுத்து, கீழே போகப்போகச் சின்னதாக அஞ்சு வரி என்று எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். கொடுத்த கையோடு டீக்கடைக்கு வந்து, அஞ்சு வரியையும் கும்மி மெட்டில் போட்டுப் பாடியும் காட்டினேன்.

ப
ம ட
ர க வ
ய ல ந ச
த ழ ண ற ன

அவ்வளவுதான். அன்றிலிருந்து நாற்பது வயதைத் தாண்டிய டிரைவர் எவனானாலும் லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் சர்ட்டிபிகேட் வாங்கப் போனால், ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பாடுவான், மறு கண்ணைப் பொத்திக்கொண்டு பாடுவான், டாக்டர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் கையெழுத்துப் போடுவார். பெண்கள் அதைப் பாடி நாற்று நட்டார்கள், குழந்தைகள் அதைப் பாடிப் பாண்டி ஆடினார்கள். மொபெட் லைசென்ஸுக்குப் போன ஒருத்தன் பலகைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்து ஒப்பித்துத் தேறினான். பொய்யென்று சொல்லாதீர்கள், அது நான்தான்.

அந்த டாக்டர் வயதாகி மகன் வீட்டுக்குப் போய்விட்டதால், லாரி உரிமையாளர் சங்கத்துக்காரர்கள் செவ்வாய்க்கிழமை தோறும் எடைமேடை அறையில் உட்கார்ந்து கண் பார்க்கத் தூத்துக்குடிப் பக்கத்து டாக்டர் பெண் ஒருத்தியை ஏற்பாடு செய்தார்கள். பெயர் ஜெசிந்தா. கையில் ஒரு குட்டி விளக்கு, ஒரு குண்டு லென்ஸ், ஒரு சொட்டு மருந்து. முதல் செவ்வாயன்று முதல் ஆளாகப் போய் முக்காலியில் உட்கார்ந்தவன் செங்கோடன். முட்டை லாரி ஓட்டுகிறவன். கட்டாக் வரைக்கும் ஆயிரம் மைலுக்கு மேல் ஓட்டிப்போய், ஏற்றின முட்டையை ஏற்றினபடியே இறக்குகிற கை அவனுக்கு. லைசென்ஸ் முடிய இன்னும் பதினாறு நாள்தான் இருந்தது. ஸ்டியரிங் இல்லாத செங்கோடன் என்று ஒருத்தனை அவனாலேயே நினைத்துப் பார்க்க முடியாது. கோயிலில் சாமி கும்பிடும்போதுகூட அவன் வலது கால் தானாக ஆக்சிலேட்டரை மிதிக்கும்.

உட்கார்ந்ததும் கண்ணைப் பொத்தினான், பாடினான். ஜெசிந்தா கன்னத்தில் கைவைத்து முழுப் பாட்டையும் கேட்டாள்.

"பாட்டு நல்லா இருக்கு அண்ணாச்சி. இப்ப வாய மூடிட்டுக் கண்ணத் திறங்க."

சொட்டு மருந்து விட்டாள், அரை மணி நேரம் காக்கவைத்தாள், விளக்கைப் பிடித்து லென்ஸ் வழியாக எட்டிப் பார்த்தாள். பார்த்தவள், வெளியே மழை தூறுகிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"அண்ணாச்சி, உங்க கண்ணுக்குள்ள ஒரு லாரி நிக்கி."

"எந்த ஊரு வண்டிங்க?" என்றான் செங்கோடன்.

"நம்பர் தெரியல. கேபின்ல நீங்கதான் இருக்கிய. வலது கண்ணுல டிரைவர் பக்கத்துக் கண்ணாடி, இடது கண்ணுல கிளீனர் பக்கத்துக் கண்ணாடி. ரெண்டு கதவும் திறக்க மாட்டேங்குது போல, போட்டுத் தட்டுதிய. கணுக்கால் வரைக்கும் செவப்பா தண்ணி நிக்கி."

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுங்களே அம்மிணி. அக்கட்டால நிக்கற வண்டி நம்பரைச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டு, மருந்து ஊற்றிய கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தூரத்தில் திரும்பிக்கொண்டிருந்த டேங்கர் நம்பரைப் பிசகாமல் சொன்னான்.

"கண்ணு தெரியலன்னு யாரு சொன்னா? கண்ணு வெறும் ஜன்னல். நான் ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன், வீட்டுக்குள்ள வெள்ளம். குழாய் எங்கேயோ உடைஞ்சிருக்கு அண்ணாச்சி, அது கண்ணுல இல்ல. ரத்தத்துல சர்க்கரை பாருங்க, கொதிப்பு பாருங்க, கிட்னி பாருங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க, அப்புறமா நான் கையெழுத்துப் போடுதேன்."

செங்கோடன் எழுந்து வந்துவிட்டான். ஆனால் செய்தி அவனுக்கு முன்னால் வெளியே வந்துவிட்டது.

மதியத்துக்குள் பேட்டையே எடைமேடை அறை முன்னால் திரண்டது. டயர் கடைக்காரர் பார்த்தார், லாரிக்குப் பாடி கட்டுகிற ஆசாரி பார்த்தார், புரோட்டாக் கடை மாஸ்டர் மாவுக் கையோடு வந்து பார்த்தார், முதலாளி கந்தப்பக் கவுண்டர் பார்த்தார், செங்கோடன் மறுபடி மறுபடி முக்காலியில் உட்கார, ஜெசிந்தா ஒவ்வொருத்தருக்கும் லென்ஸை எப்படிப் பிடிப்பதென்று சொல்லிக்கொடுக்க, ஒவ்வொருத்தரும் பார்த்துவிட்டு, "ஆமா, நிக்குது" என்று சொல்லி அடுத்தவருக்கு இடம் விட்டார்கள். யாரும் ஆச்சரியப்படவில்லை. லாரிப்பேட்டையில் லாரி நிற்பதில் என்ன ஆச்சரியம்? எங்கே நிற்கிறது என்பதில்தான் பேச்சு. மெக்கானிக் அங்கமுத்து அரை மணி நேரம் பார்த்துவிட்டு, இது டோர் லாக்கில் துரு ஏறின கோளாறு, ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டால் திறந்துகொள்ளும் என்றான். முதலாளி, உள்ளே லோடு ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

பிறகு வைத்தியம் ஆரம்பித்தது. எல்லாம் கண்ணுக்கு. விளக்கெண்ணெய் விட்டார்கள், நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விட்டார்கள், பிள்ளை பெற்ற வீடுகளில் தாய்ப்பால் வாங்கி விட்டார்கள், லாரிக்குச் சுற்றுகிற பூசணிக்காயை அவன் தலைக்குச் சுற்றி நடுரோட்டில் உடைத்தார்கள். அடுத்த செவ்வாயன்று பார்த்தால் சிவப்புத் தண்ணி முழங்காலில் நின்றது.

"கண்ண விடுங்கன்னு சொன்னேம்லா," என்றாள் ஜெசிந்தா. "ஆள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"ஆஸ்பத்திரிக்குப் போனா வண்டிய வேற ஒருத்தங்கிட்டக் குடுத்துருவாங்க" என்றான் செங்கோடன். அவ்வளவுதான் சொன்னான். வெள்ளக்கல்பட்டியில் ஸ்டியரிங்கை விட்டு இறங்கினவன் மறுபடி ஏறினதாக வரலாறு கிடையாது. முதலாளி வானத்தைப் பார்த்தார்.

அன்றைக்குத்தான் அவன் சம்சாரம் பாவாயி முதல்முறையாக லென்ஸைக் கையில் வாங்கினாள். மற்றவர்கள் எல்லாம் லாரியைப் பார்த்தார்கள், அவள் ஆளைப் பார்த்தாள். இருபத்தெட்டு வருஷமாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற புருஷனைப் பார்த்துப் பழகினவள் அல்லவா, சைகை அத்தனையும் அத்துப்படி. உள்ளே இருந்தவன் கதவைத் தட்டுவதை நிறுத்திவிட்டு, சீட்டுக்குப் பின்னாலிருந்து தண்ணிக் கேனைத் தூக்கி மடமடவென்று குடித்தான். வைத்தான். மறுபடி தூக்கிக் குடித்தான். குடிக்கக் குடிக்க அவன் காலைச் சுற்றி நின்ற சிவப்பு ஒரு நூல் ஏறியது.

"இதே மாதிரிதானுங் வூட்லயும்," என்றாள் பாவாயி லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு குடம் தண்ணி பத்தறதில்ல. குடிக்கறதும் கொல்லைக்குப் போறதும், குடிக்கறதும் கொல்லைக்குப் போறதும். கால்ல ஆணி குத்துனா தெரியறதில்ல. ஓட்டற உடம்பு, சூடுன்னாரு. நானும் மோர் கரைச்சுக் கரைச்சுக் குடுத்தனுங்."

"எத்தனை நாளாம்மா?"

"ரெண்டு வருசம் இருக்குமுங்."

பாவாயி புருஷன் பக்கம் திரும்பி, "ஏனுங்க, போலாமுங்க" என்றாள். அவன், "ஓட்டற உடம்பு, சூடு" என்றான்.

இதற்குள் ஊருக்கு இன்னொரு வினை வந்து சேர்ந்தது. செங்கோடன் கண்ணைப் பார்த்தவர்களுக்கெல்லாம், நம் கண்ணில் என்ன நிற்கிறதோ என்று அரிப்பு எடுத்தது. ஒரே நாளில் அறுபது பேர் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, வெயிலில் கண் கூசி, ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்தபடி பேட்டைக்குள் ரயில் விட்டார்கள். பலபேர் கண்ணில் ஒன்றுமில்லை, நல்ல தார் ரோடு, வெறிச்சென்று கிடந்தது. டயர் கடைக்காரர் கண்ணில் டியூபெல்லாம் காற்று அதிகமாகி விம்மிக்கொண்டிருந்தன. கொதிப்பு என்றாள் ஜெசிந்தா, மாத்திரைக்குப் போனார். புரோட்டா மாஸ்டர் கண்ணிலும் ஒரு கேபின், ஒரு ஆள், பாதம் மட்டும் நனைகிற அளவுக்குச் சிவப்பு. கந்தப்பக் கவுண்டருக்கு விளக்கே தேவைப்படவில்லை, கருவிழியைச் சுற்றி வெள்ளைக்கோடு போட்டிருந்தது. கொழுப்பு கூடியிருக்கும், பாருங்கள் என்றாள். அவர் அன்றிலிருந்து கறுப்புக்கண்ணாடி போட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். ஒரு வாரத்தில் வெள்ளக்கல்பட்டியில் யாரும் யார் கண்ணையும் நேராகப் பார்ப்பதில்லை என்றாகிவிட்டது. டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் காரணமில்லாமல் எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். தூங்குகிறவர்கள் கால் நனைந்துவிட்டதா என்று தடவிப் பார்த்தார்கள். ஊரைச் சுற்றி நாலு பக்கமும் நெடுஞ்சாலை போகிறது, ஆனால் உள்ளே இருக்கிற அத்தனை பேரும் எதற்குள்ளேயோ அடைபட்டுக் கிடந்தோம்.

செங்கோடன் மூன்றாவது செவ்வாயன்று எடைமேடைப் பக்கம் போகவில்லை. அவன் லாரியின் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். காலையில் துடைத்தான், மதியம் துடைத்தான், பொழுது சாயவும் துடைத்தான். சிலந்தி நூல் மாதிரி கறுப்பாக என்னமோ ஒட்டியிருக்கிறது, போகமாட்டேனென்கிறது என்றான். நான் பார்த்தேன். கண்ணாடி பளிங்குபோல இருந்தது.

மறுநாள் என் கடைக்கு வந்தான்.

"மாமா, இருவது மைலுக்கு அக்கட்டால ஒரு டாக்டர் இருக்கறாராமா. வெளக்குக் கிளக்கு ஒண்ணும் கெடையாதாமா. அவரு செவுத்துலயும் நீங்க எழுதுன பலகைதானாமா."

"ஆமா. நாந்தான் எழுதிக் குடுத்தேன்."

"ஒருக்கா கூடவே பாடுங்க மாமா. கடைசி வரி நழுவுது."

டீ வரவழைத்தேன். நான் நீட்டிய கிளாசுக்கு ஒரு சாண் தள்ளி அவன் கை போய்க் காற்றைப் பிடித்தது. பிடித்த காற்றை விட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே துழாவி, கிளாசைப் பிடித்தான். நான் பார்த்ததை அவன் பார்க்கவில்லை. பெரிய புளுகனாகிய நான் இந்தக் கதையில் எத்தனையோ இடத்தில் அளந்து விட்டிருப்பேன், ஆனால் இந்த இடத்தில் ஒரு எழுத்தும் கூட்டவில்லை: எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் பாடினேன். அவன் முகத்தைப் பார்த்தால் பாடாமல் இருக்க முடியவில்லை. த ழ ண ற ன, த ழ ண ற ன என்று நான் தொடையில் தாளம் போட, அவன் பின்பாட்டுப் பாடினான். பதினாறாவது நாள் அவன் லைசென்ஸ் புதுப்பித்துக்கொண்டு பேட்டைக்குள் வந்தபோது, பஸ்ஸிலிருந்து இறங்கிய இடத்திலிருந்து பாவாயி தோளைப் பிடித்துக்கொண்டுதான் வந்தான். கால் வலி என்றான்.

அடுத்த நாள் விடிந்ததும் கட்டாக் லோடு. முட்டை அட்டைகள் தார்ப்பாய்க்குக் கீழே அடுக்கி முடிந்திருந்தன. முதலாளி கறுப்புக்கண்ணாடியோடு நின்றார், மெக்கானிக் அங்கமுத்து நின்றான், இன்னும் முப்பது நாற்பது பேர் நின்றோம். அத்தனை பேருக்கும் தெரியும். அத்தனை பேரும் கறுப்புக்கண்ணாடி போட்டிருந்தோம். செங்கோடன் படியைத் தடவி ஏறி, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வண்டியைக் கிளப்பினான்.

எங்கள் பேட்டையில் ஒரு வழக்கம் உண்டு. நெடுந்தூரம் போகிற வண்டிக்கு முன்சக்கரத்துக்கு எதிரே, ஒரு முழம் தள்ளி, டிரைவர் வீட்டுப் பெண் ரெண்டு எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பழம் சக்கரத்துக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் நசுக்கிக்கொண்டு கிளம்புவது.

பாவாயி பழம் வைக்கவில்லை. பச்சைச் சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பழம் வைக்கிற இடத்தில், டிரைவர் பக்கத்துச் சக்கரத்தோரம், ஜன்னலிலிருந்து நேராகத் தெரிகிற மாதிரி, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

"பழம் வெச்சாச்சா?" என்றான் செங்கோடன்.

நாங்கள் அத்தனை பேரும் கறுப்புக்கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டோம்.

அவன் ஜன்னலில் பாதி உடம்பை நீட்டிக் கீழே பார்த்தான். அவள் முகத்துக்கு நேராகப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"ஆங், தெரியுது, தெரியுது. ரெண்டு பழம். மஞ்சளா, குங்குமம் தடவி, ஜோரா இருக்குது. எடப்பக்கத்துப் பழத்தைச் சித்தெ உள்ள தள்ளி வையி பாவாயி."

பலகையை ஒப்பிக்கிற அதே குரல். அதே கும்மி மெட்டு. இழுவைகூட நான் சொல்லிக்கொடுத்த இழுவை.

கியர் விழுகிற சத்தம் கேட்டது. வண்டி ஒரு உலுக்கு உலுக்கி அரை முழம் முன்னால் வந்தது. பாவாயி நகரவில்லை, சக்கரம் அவள் சேலை நுனியின் மேல் ஏறி நின்றது. எழுபத்திரண்டு வயதில் நான் எப்படிப் படியில் தாவினேன், எப்படி ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியைத் திருகினேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது, அங்கமுத்து என்னைத் தூக்கி எறிந்தான் என்று அவன் சொல்லிக்கொள்கிறான், சொல்லிக்கொள்ளட்டும்.

எஞ்சின் அடங்கினதும்தான் கீழேயிருந்து குரல் வந்தது.

"பழம் வெக்கலீங்க. நானுங்க உக்காந்திருக்கறது."

செங்கோடன் ஸ்டியரிங்கை விடவில்லை. பிறகு மெதுவாக, "எறங்கணும் மாமா. கதவு தெறக்க மாட்டேங்குது" என்றான். கதவில் பூட்டு இல்லை, தாழ் இல்லை. நான் வெளியிலிருந்து ஒரு விரலால் இழுத்தேன், திறந்துகொண்டது. அவன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தண்ணிக்குள்ளிருந்து எழுந்து வருகிறவன் மாதிரி ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து இறங்கினான். தொளதொளத்த வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான்.

அன்றைக்கு என்ன கிழமை என்று பார்க்காமல் ஜெசிந்தாவுக்குப் போன் போட்டு வரவழைத்தோம். அவள் விளக்கைப் பிடித்தாள். "கழுத்து வரைக்கும் வந்துட்டு. ஆளு உயிரோட இருக்காரு. கேனைக் கீழ போட்டுட்டாரு" என்றாள். அந்த முட்டை லாரியிலேயே, முட்டையோடு, அங்கமுத்து ஓட்டப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சர்க்கரை எகிறியிருந்தது, கொதிப்பு எகிறியிருந்தது, கிட்னி பாதி வழியில் நின்றுகொண்டிருந்தது. இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தால் கண்ணைப் பற்றிப் பேசவே வேண்டியிருந்திருக்காது என்றார் பெரிய டாக்டர். ஊசி போட்டார்கள், கண்ணுக்குள் ஒளியால் சுட்டு ஓட்டை அடைத்தார்கள், சோற்றைக் குறைத்தார்கள். கட்டாக்கில் முட்டைக்காகக் காத்திருந்தவர்கள் என்ன சாப்பிட்டார்களோ தெரியாது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிக்க எனக்கும் ஆசைதான், வேறு கதையாக இருந்தால் முடித்தும் இருப்பேன். தண்ணி வடிந்து வடிந்து முழங்காலுக்கு வந்தது, அதோடு நின்றுவிட்டது. வலது கண்ணில் பாவாயி தெரிகிறாள், இடது கண்ணில் சேலையின் பச்சை மட்டும் தெரிகிறது. லைசென்ஸை அவனே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தான். உள்ளே இருக்கிறவன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான், கதவு திறக்கவில்லை. ஆனால் தட்டுவதில்லை என்கிறாள் ஜெசிந்தா. சீட்டின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறானாம்.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் எடைமேடை அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவன் செங்கோடன்தான். வருகிற டிரைவர்களின் கறுப்புக்கண்ணாடியைக் கழற்றி வாங்கி ஒரு முட்டை அட்டையில் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவான். எவனாவது வாசலிலேயே முனக ஆரம்பித்தால், "பாட்டெல்லாம் இங்க எடுபடாது, போய்க் கண்ணைத் தெற" என்பான். போன செவ்வாய் நான் எடைமேடையைத் தாண்டி நைசாக நழுவிப் போகப் பார்த்தேன். நடையின் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்து, எட்டி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். ஸ்டியரிங் பிடித்த கை, விடுவித்துக்கொள்ள முடியுமா?

"எல்லாத்துக் கண்ணையும் பாத்தாச்சு. உங்க கண்ணத்தான் பாக்கல மாமா."

"எனக்கென்னடா மாப்ளே, நான் நம்பர் எழுதறவன்."

"ஊருக்கே எழுதிக் குடுத்தீங்க. வாங்க."

முக்காலியில் உட்கார்த்தினான். ஜெசிந்தா சொட்டு மருந்து விட்டாள், விளக்கைப் பிடித்தாள், எட்டிப் பார்த்தாள். வழக்கமாகப் பார்த்ததும் சொல்லிவிடுகிறவள் இந்தத் தடவை லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி எட்டிப் பார்த்தாள். எதிர்ச்சுவரில், பழைய டாக்டர் விட்டுப்போன, என் கையால் எழுதின பலகை தொங்கியது. மருந்தில் மங்கி, மேலே இருந்த பெரிய எழுத்துகூட எனக்குப் பிடிபடவில்லை. கால் என்னவோ சில்லென்றிருந்தது. வாய் தானாகத் திறந்து, ப, என்று ஆரம்பித்தது.

"பாட்டு வேண்டாம் அண்ணாச்சி," என்றாள் ஜெசிந்தா. "உள்ள ஒருத்தர் ஏற்கெனவே பாடிட்டுத்தான் இருக்காரு."